அண்ணன் ஓட்டும்போது மட்டும்

பச்சை வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பாப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற வேண்டிய இடம் அது. மாறியது. கருங்கல்லை மிஷினில் போட்டு அரைத்தாற்போல ஒரு சத்தம். எதிர்ப்பக்கத்து மரக்கடையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உன் அண்ணன் வந்தாச்சு," என்றார் அவள் வீட்டுக்காரர். கழற்றி வைத்த கதவு ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சு," என்றாள் அவள்.

நாற்பதைத் தாண்டி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட பிறகும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர். தொட்டிலில் கிடந்தபோது அண்ணன் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. வொர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள்கூட "பாப்பாக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிக்குள்ளே இருப்பதெல்லாம் அவள் பாடு. வெளியே தெரிகிற ஒடுக்கும் பெயின்ட்டும் வீட்டுக்காரர் பாடு. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ள இடமில்லாதபடி அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள்.

அண்ணன் தரைக்கு டைல் பதிக்கிறவர். எங்கோ ஒரு பழைய வீட்டுக்குத் தரை போடப் போன இடத்தில், ஷெட்டில் பூனை குட்டி போட்டுக் கிடந்த வண்டி இது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக்கூரையை மடக்கிவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அதை இழுத்துக்கொண்டு வந்து, விடுமுறை நாள் தவறாமல் அண்ணனும் தங்கையுமாக உயிர் கொடுத்தார்கள். வேலைக்கு டைலும் சிமென்ட்டும் ஏற்றிப் போகிற லாரியைக் கூட்டாளிதான் ஓட்டுவார். அண்ணன் ஓட்டுவது இந்த ஒன்றைத்தான். வேறு யாரையும் ஓட்ட விடமாட்டார், தங்கையைத் தவிர.

வண்டியை நிறுத்தியவர் இறங்காமலே கேட்டார்.

"கேட்டியா?"

"நான் மட்டுமா கேட்டேன், தெருவே கேட்டுச்சு."

"ரெண்டுக்கும் ரிவர்ஸுக்கும்தான் இந்த ரகளை. ஆயில் மாத்தியாச்சு, கியர் லீவர் புஷ் மாத்தியாச்சு, அப்படியேதான் இருக்கு."

"நான் ஓட்டிப் பாத்தப்ப வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி விழுந்துச்சேண்ணே."

"அதான் எனக்கும் புரியல. உன்கிட்ட நல்ல பிள்ளையா நடிக்குது. என்னைக் கண்டா பல்லக் கடிக்குது."

சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. ஊரான் வண்டியெல்லாம் அவள் கைபட்டுச் சரியாகிப் போகிறது. சொந்த அண்ணன் வண்டி மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்து நிற்கிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். பழைய கார் வைத்திருப்பவர்களெல்லாம் சேர்ந்து அன்றைக்கு மலையேறுகிறார்கள். அண்ணன் தன் மகளையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர்தான் கதி. இறக்கத்தில் அது விழாமல் போனால் வண்டி எதிலும் மாட்டாமல் சும்மா உருளும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"விட்டுட்டுப் போங்க. இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்," என்றாள்.

வண்டியைத் தூக்கி, அடியில் போய், டார்ச் அடித்துப் பார்த்தாள். கிளட்ச்சைத் தள்ளிவிடுகிற சின்ன சிலிண்டரின் ரப்பர் உறையைப் பிதுக்கினதும் விரலில் ஈரம் பட்டது. ஒரு துளி. அந்த ஒரு துளியைக் கண்டதும் தங்கம் கண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. எண்ணெய் கசிந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் முழுசாகப் பிரியாது. பிரியாத கிளட்ச்சில் கியர் போட்டால் அரைக்கத்தான் செய்யும்.

"கெடச்சிடுச்சுங்க!" என்று அடியிலிருந்தே கத்தினாள்.

சிலிண்டரை மாற்றி, வீட்டுக்காரரை ஸீட்டில் உட்கார வைத்து, குழாயில் இருந்த காற்றை எடுத்தாள். "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் மிதித்தார். பிறகு ஓட்டிப் பார்த்தாள். மேடு, பள்ளம், கடைத்தெரு, பள்ளிக்கூடத்துச் சந்து. எங்கேயும் ஒரு முனகல் இல்லை.

சாயங்காலம் அண்ணன் வந்து சாவியை வாங்கிக்கொண்டு அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி மரக்கடையைத் தாண்டியது. முனைக்குப் போனது. அரைத்தது.

யாரோ செவிட்டில் அறைந்தாற்போல இருந்தது. வண்டி திரும்பி வரும் என்று நின்றாள். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது.

"பாப்பா, இன்னும் இருக்கு."

"கேட்டேன்ணே."

"வேற எங்கயாவது இருக்கும். நல்லாப் பாரேன். எதையாவது விட்டிருப்ப. கட்டாயம் ஏதோ இருக்கும் பாப்பா."

அந்தக் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. கெஞ்சல் இருந்தது. ஒரு கியருக்காக அண்ணன் ஏன் இப்படிக் கெஞ்ச வேண்டும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. போனை வைத்த பிறகும் அது காதிலேயே நின்றது.

மறுநாள் காலையில் அண்ணன் வண்டியை மறுபடி விட்டுவிட்டுப் போனதும் கியர் பாக்ஸை இறக்க உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை.

"நல்லா ஓடற கியர் பாக்ஸை எதுக்கு எறக்கறே?"

"எனக்குத்தான் ஓடுது. அவருக்கு ஓடலயே."

அவர் கிட்டே வந்து நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவரு கிளட்ச்ச முழுசா மிதிக்கறாராமா?"

"என்ன பேசறீங்க? மீசை மொளைச்ச நாள்லேருந்து வண்டி ஓட்டறவருக்கு மிதிக்கத் தெரியாதா?" என்று சீறினாள். தேவைக்கு மேல் சத்தமாகவே சீறினாள். அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கியர் பாக்ஸைப் பிரித்து மேஜை மேல் துணி விரித்துப் பரப்பினாள். கியரும் கியரும் முட்டிக்கொள்ளாமல் வேகத்தைச் சமன் செய்கிற பித்தளை வளையங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டாவதின் வளையம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. வயசுக்கேற்ற தேய்மானம்தான், அந்தச் சத்தத்துக்குக் காணாது. இருந்தும் புதிதாக ஒன்றை எடுத்துப் போட்டாள். குற்றவாளி கிடைக்காதபோது கையில் கிடைத்தவனைப் பிடித்துப் போடுவது மாதிரி என்று அவளுக்கே தோன்றியது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. சிமென்ட் தரையில் ஒரு கால் சாதாரணமாக விழுந்தது. அடுத்த கால் 'தப்' என்று அறைந்தது. மறுபடி ஒன்று சாதாரணம், மறுபடி ஒரு 'தப்'. யாரோ புது ஆள் போல என்று திரும்பினாள். அண்ணன்.

"பிரிச்சுட்டியா? என்ன இருக்கு உள்ள?" என்று ஆவலாகக் கிட்டே வந்தவர், தரையில் கிடந்த காற்றுக் குழாயைத் தாண்டப் போனார். இடது காலின் நுனி குழாயில் மாட்டியது. விழப் போனவர் மேஜையில் பூட்டியிருந்த இரும்பு வைஸைப் பிடித்துக்கொண்டார். வளையம் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"பாத்துண்ணே!"

"இந்த ஷூ ஒண்ணு. அடி விட்டுப்போச்சு. அதான் தட்டுது."

வளையத்தை எடுக்கக் குனிந்தவள் ஷூவைப் பார்த்தாள். அடி எங்கேயும் விடவில்லை. வலது ஷூ பழசானாலும் ஒழுங்காக இருந்தது. இடதின் மூக்கு மட்டும் தோல் உரிந்து வெளுத்துப் போயிருந்தது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கோளாறு டயரில் இல்லை என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவள் அவள். வளையத்தைத் துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டாவதோட வளையம் தேஞ்சிருக்கு," என்றாள் கடைசியில்.

அண்ணனுடைய முகம் விளக்குப் போட்டாற்போல மலர்ந்தது. "நான் சொல்லல? நான் சொல்லல, உள்ளதான் இருக்கும்னு!"

அவளுக்குச் சித்தப்பா நினைவு வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்தது.

அப்பாவின் தம்பி. நல்ல உயரம், நல்ல உடம்பு. முதலில் அவர் செருப்புதான் காலை விட்டுக் கழன்று கழன்று போனது. வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். பிறகு ஒரு கால், அப்புறம் மற்றக் கால், அப்புறம் கை. கடைசியில் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. அறிவு மட்டும் கடைசி நாள் வரைக்கும் தெளிவாக இருந்தது, அதுதான் பெரிய கொடுமை. அப்போது பாப்பா சின்னப் பெண். அண்ணன்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவார். எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தவர்.

கியர் பாக்ஸைத் திரும்ப ஏற்றி முடித்ததும், "நீங்க ஓட்டுங்கண்ணே, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேக்கணும்," என்றாள். இதுவரை அப்படிச் செய்யாதது ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அண்ணன் எப்போதும் காலையில் விட்டுவிட்டு ஓடுவார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு ஓடுவார். பக்கத்து ஸீட்டில் அவருடைய வேலைப் பை உட்கார்ந்திருக்கும். காரணமெல்லாம் சரிதான். ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

ஸீட் தாழ்வு. கால் வைக்கிற இடம் இருட்டுப் பொந்து மாதிரி. அவள் காதைச் சாய்க்கிற பாவனையில் தலையைக் குனிந்து கீழே பார்த்தாள்.

அண்ணன் கிளட்ச்சுக்காக இடது காலைத் தூக்கினார். தொடை எழும்பியது, முழங்கால் எழும்பியது. பாதம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நுனி தொங்கியபடியே வந்தது. ஷூவின் மூக்கு பெடலின் அடி விளிம்பில் இடித்தது. அவர் தொடையை இன்னும் தூக்கினார். பாதிப் பாதம் பெடல் மேல் ஏறியது. அழுத்தினார். வழுக்கியது. பெடல் தரையைத் தொட இன்னும் ஒரு விரல் இருக்கும்போதே கை கியரைத் தள்ளிவிட்டது.

அரைத்தது.

"கேக்குதா?" என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்தபடி. "எங்கேருந்து வருது?"

"இன்னும் கொஞ்சம் போங்க," என்றாள் அவள்.

கடைத்தெரு மேட்டில் ஒரு முச்சந்தி. கியரில் வைத்து, கிளட்ச்சை மிதித்து, பிரேக்கிலும் காலை வைத்து நின்றார்கள். முன்னால் ஏணியைத் தோளில் சுமந்த ஒரு ஆள் குறுக்கே போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த வேன்காரர் வழிவிடுவதாகக் கை காட்டினார். அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுத்த அதே நேரத்தில் இடது ஷூ பெடலிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. வண்டி தவளை மாதிரி ஒரு எம்பு எம்பி, குலுங்கி, அணைந்தது. ஏணிக்காரருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அவர் பானெட்டின் மேல் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஆளைத் தெரியல?"

"மன்னிச்சுக்குங்க," என்றாள் பாப்பா தலையை வெளியே நீட்டி. "வண்டில கோளாறு. அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணனின் கைகள் வெளுத்திருந்தன. "பாத்தியா, கிளட்ச் எப்படி வெட்டுதுன்னு," என்றார் பிறகு. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வொர்க்‌ஷாப்புக்கு அவளே ஓட்டி வந்தாள். ஒரு பார்ட் வெளியூரிலிருந்து வரவேண்டும், அது வரும் வரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுமா?"

"பாக்கலாம்."

அவர் நடந்தே போனார். தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு யாருமில்லாத சிமென்ட் தரையில் அவளும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். தன் காலடிகளை ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்டாள். ஒரே ரத்தம்தானே. அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன தேடறே?"

அவள் அப்படியே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அப்பவே சொன்னேன் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அதற்காக அவர் எப்போது கேட்டாலும் எதையும் கொடுக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

"மொதல்ல உங்க அண்ணியப் பாரு," என்றார்.

அண்ணி வீட்டில் மாவரைத்த கையோடு வந்து கதவைத் திறந்தாள். பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும், "உனக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

சமையலறையில் நின்றபடியே பேசினார்கள். மாடிப்படியில் தடுக்கி விழுந்ததை, குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை, ஒரு வாரமாகச் செருப்பே போடாமல் வீட்டுக்குள்ளும் ஷூவைக் கட்டிக்கொண்டு திரிவதை அண்ணி சொன்னாள்.

"கேட்டா எரிஞ்சு விழறாரு. ஷூங்கறாரு, தரைங்கறாரு, படி சரியில்லங்கறாரு. தரை போடறவரு தரையக் குத்தம் சொல்றாரு பாப்பா. டாக்டர்னு வாயெடுத்தா வெளிய போயிடறாரு."

"சித்தப்பா விஷயம்..."

"எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல தூக்கத்துல சித்தப்பா சித்தப்பான்னு முனகுவாரு." அண்ணி கையைக் கழுவினாள். கழுவின கையையே மறுபடி கழுவினாள். "அதை வாயால சொல்லிட்டா உண்மையாயிடும்னு எனக்கும் பயமா இருக்கு. அதனால நானும் ஷூவத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்."

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அத்தை, ஞாயித்துக்கிழமைக்கு வண்டி ரெடியாயிடுமா? நான் தோழிங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன்." இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் "பாக்கலாம்" என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் சாவி கேட்டு வந்துவிட்டார். பார்ட் வந்ததா என்றார். அவள் வண்டியின் கதவைத் திறந்து, "ஏறி உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தார். அவள் கதவோரமாகத் தரையில் மண்டியிட்டாள். அவருடைய கால்கள் இரண்டையும் இழுத்து வெளியே வைத்து, இடது ஷூவின் முன்பக்கத்தின் மேல் உள்ளங்கையை மெல்ல வைத்தாள்.

"நுனிய மேல தூக்குங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"தூக்குங்கண்ணே."

அவர் முகம் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. தொடை நடுங்கியது. அவள் உள்ளங்கைக்கு அடியில் ஒன்றுமே நடக்கவில்லை. வலது காலின் மேல் கையை வைத்தாள். அது அவள் கையைச் சட்டென்று தள்ளிவிட்டு எழும்பியது.

எதிரே மரக்கடையில் இழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"கார்ல ஒண்ணுமில்லண்ணே," என்றாள். "ஆரம்பத்துலேருந்தே ஒண்ணுமில்ல."

"நீ மெக்கானிக்கா, டாக்டரா?"

"மெக்கானிக்தான். அதனாலதான் சொல்றேன், எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன்."

"சாவியக் குடு."

"தரமாட்டேன்."

"என் வண்டி சாவியக் குடு பாப்பா!"

"உங்களுக்கே தெரியும். அந்த ஏணிக்காரர்..." அவள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். "நாளைக்கு மலைமேல உங்க பக்கத்துல உங்க பொண்ணு உக்காந்திருப்பா."

அவர் இறங்கினார். போகப் போகிறார் என்று நினைத்தாள். போகவில்லை. வண்டியின் பச்சை மட்கார்டில் சாய்ந்து நின்று இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார் கைகளுக்குள்ளிருந்து. "எனக்குத் தெரியாம இருக்குமா? மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. ஆனா கியர் அரைக்க ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு... எப்படிச் சொல்றது, ஒரு நிம்மதி. ஓஹோ, வண்டிலதான் கோளாறு, பெடல்தான் சரியில்ல, அதான் கால் இப்படிப் போகுதுன்னு. நீ ஒவ்வொரு தடவ ஏதாவது கண்டுபிடிக்கறப்பவும் ரெண்டு நாளைக்கு நல்லாத் தூங்குவேன். நீ எதையாவது கண்டுபிடிச்சுடுவேன்னு இருந்தேன் பாப்பா."

"கண்டுபிடிச்சுட்டேன்ணே," என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் மலைக்குப் போகவில்லை. மகளிடம் அண்ணனே சொன்னார். பாதிதான் சொன்னார். மீதியை அவளே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

நரம்பு டாக்டரின் அறைக்கு வெளியே நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அண்ணன், அண்ணி, பாப்பா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டைலைப் போட்டவன் கையை ஒடிக்கணும்," என்றார். "ஓரத்துல எப்படி வெட்டிப் பொருத்தியிருக்கான் பாரு."

அண்ணி சிரிக்க முயன்றாள். அது பாதியிலேயே நின்றுபோனது. உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரு அம்மாள், அவசரமில்லாதவர். சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கைகளை அமுக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னபோது அண்ணனின் கண்கள் பாப்பாவைத் தேடின. சித்தப்பாவின் நாக்கையும் அப்படித்தான் பார்த்தார்கள். பிறகு காலில் அங்கங்கே மின்சாரம் கொடுத்து, ஊசி குத்தி, திரையில் கோடுகள் ஓடுவதைப் பார்த்தார். பாப்பாவும் அந்தக் கோடுகளையே பார்த்தாள். எஞ்சின் சத்தமென்றால் அவளுக்கு அர்த்தம் தெரியும். இது ஒன்றும் புரியாத பாஷை.

"என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"தரைக்கு டைல் போடறேன்."

"எப்படி உக்காந்து போடுவீங்க? காட்டுங்க."

அண்ணன் கட்டிலை விட்டு இறங்கி உட்கார்ந்து காட்டினார். வலது காலை முன்னால் ஊன்றி, இடது முழங்காலை முழுசாக மடக்கி, அதன் மேலேயே உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கி. வாழ்நாள் முழுக்க அப்படி உட்கார்ந்த மனிதர்.

"சமீபத்துல பெரிய வேலை ஏதாவது?"

"ஒரு பெரிய நூலகம். ஹால் முழுக்க. காலைலேருந்து சாயங்காலம் வரை எந்திரிக்காமப் போட்டேன். நல்லா வரணும்னு ஒரு வெறி."

டாக்டர் அவருடைய இடது முழங்காலின் வெளிப்பக்கத்தில், எலும்பு துருத்திக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழே விரலால் தட்டினார். அண்ணன் "ஸ்ஸ்" என்று துள்ளினார்.

"பாதத்தைத் தூக்கற நரம்பு இங்கதான் எலும்பச் சுத்திக்கிட்டுத் தோலுக்கு அடியிலேயே போகுது. அதைக் கசக்கியிருக்கீங்க, நாள் கணக்கா. இங்கேருந்து கீழதான் கோளாறு. இதுக்கு மேல எல்லாம் ஒழுங்கா இருக்கு."

அண்ணிதான் சித்தப்பாவின் பேச்சை எடுத்தாள். டாக்டர் முழுசாகக் கேட்டார்.

"அந்த வியாதிக்கு உண்டான அடையாளம் இன்னைக்கு எதுவும் தெரியல. ஆனா இன்னொரு தடவ சோதிச்சுட்டுத்தான் உறுதியாச் சொல்லுவேன். அதுவரைக்கும் அப்படி உக்காரவே கூடாது. நரம்பு வளரும், ரொம்ப மெதுவா வளரும். முழுசா வருமான்னு கேட்டா, நெறைய பேருக்கு வருது."

வெளியே வந்ததும் அண்ணன் நீல நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி விசித்து விசித்து அழுதார். நிம்மதியா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணி அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பாப்பா கைப்பையைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றாள்.

அதற்குப் பிறகான மாதங்கள் ஒரே சீராகப் போகவில்லை. காலுக்குப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கட்டினார்கள். அண்ணன் அதை அடியோடு வெறுத்தார். கூட்டாளி தரை போட, இவர் ஸ்டூலில் உட்கார்ந்து அதட்டினார். இரண்டு பேருக்கும் சண்டை வராத நாளில்லை. ஒரு நாள் கட்டைவிரல் அசைந்தது என்று போன் செய்வார். மறுநாள் இல்லை, அது தப்பாகத் தெரிந்தது என்பார். நடுவில் ஒரு வாரம் வலது கையில் ஏதோ துடிப்பு என்று யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அந்த வாரம் பாப்பாவும் தூங்கவில்லை. அது வெறும் சதைத் துடிப்பு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கியது. பச்சை வண்டி வொர்க்‌ஷாப் மூலையில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று அவள் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைத்தாள்.

இரண்டாவது சோதனையில் டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, நரம்பு நல்லபடியாக வளர்கிறது என்றார். மற்ற விஷயத்தை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கதவு வரை போய்விட்டு அண்ணிதான் திரும்பி நின்று கேட்டாள்.

"அதுவா? அதை மறந்துடுங்க," என்றார் டாக்டர்.

மறப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் அன்றைக்கு மூன்று பேரும் வழியிலிருந்த கடையில் நின்று ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள்.

பட்டையைக் கழற்றலாம், வண்டியும் ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, காலை வெயிலில் அண்ணன் வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். நடையில் இன்னும் கொஞ்சம் தாங்கல் இருந்தது. துணியை விலக்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார். பாப்பா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, போகிற வழியில் இருந்த டப்பாவையெல்லாம் தள்ளி வைத்தார்.

முதல் கியர். வண்டி நகர்ந்தது. மரக்கடை வந்தது. தெருமுனை வந்தது. பாப்பா இரண்டு கைகளாலும் ஸீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"கீழ பாக்காத," என்றார் அண்ணன். "ரோட்டப் பாரு."

"ரோட்டத்தான் பாக்கறேன்," என்றாள் அவள், கீழே பார்த்தபடி.

கால் எழும்பியது. பாதம் கொஞ்சம் தாமதமாக, ஆனால் கூடவே எழும்பியது. கிளட்ச் தரையைத் தொட்டது. கை தள்ளியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

அண்ணன் நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ போட்டுப் பாக்கறேன்," என்றார்.